கத்தாதே வீராயி, உனக்குத்தான் விருந்து!

மலையடிவாரக் காட்டில் ஒரு குளம் இருந்தது. குளத்தை ஒட்டி ஒரு பொட்டல். புல் பூண்டு கிடையாது, எங்கே பார்த்தாலும் கூழாங்கல்தான். அந்தப் பொட்டலில் வீராயி என்ற ஆட்காட்டிக் குருவியும் அவள் புருஷன் சடையனும் குடியிருந்தார்கள்.

ஆட்காட்டியைப் பார்த்திருப்பீர்கள். நீள நீளமாக மஞ்சள் கால், கண்ணோரம் சிவப்புத் தோல். அது மரத்தில் உட்காராது, கூடும் கட்டாது. வெறுந்தரையில், கல்லோடு கல்லாக முட்டை இடும். முட்டையும் அச்சு அசலாகக் கூழாங்கல் போலத்தான் இருக்கும். யாராவது அந்தப் பக்கம் கால் வைத்தால் போதும், "டிட்டிட்டீ! டிட்டிட்டீ!" என்று கத்திக் காட்டையே கூட்டிவிடும்.

அதனால் காட்டில் வீராயிக்கு நல்ல பேர் கிடையாது. "வாயாடி!" என்பான் காட்டுப்பன்றி கட்டையன். "தூங்க விடறாளா பாரு!" என்று புரண்டு படுப்பான் கரடி மாசானம். மயில் சிங்காரமோ, "குரலா அது? காதில் முள்ளு குத்துற மாதிரி இருக்கு!" என்று கழுத்தைத் திருப்பிக்கொள்வான். சிங்காரத்தின் குரல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அவன் பேசுகிறான் பாருங்கள்!

மாசி மாதக் கடைசியில் ஒரு நாள் நடுமத்தியானம். வெயிலுக்குப் பயந்து காடே நிழலில் உறங்கிக்கொண்டிருந்தது. மலை மேலே காய்ந்த மூங்கிலில் தீப்பிடித்தது. காற்று வேறு கீழ்ப் பக்கமாக அடித்தது. அதை முதலில் பார்த்தவள் வீராயிதான்.

அவள் தன் பாட்டுக்குப் பறந்து போயிருக்கலாம். போகவில்லை. ஒவ்வொரு புதராக, ஒவ்வொரு குகையாகச் சுற்றிச் சுற்றிக் கத்தினாள். மாசானம் குகைக்குள்ளிருந்து கல்லை விட்டெறிந்தான். அப்படியும் விடவில்லை. கத்திக் கத்தி அவனை வெளியே வரவைத்தாள். வெளியே வந்த பிறகுதான் அவனுக்குப் புகை வாடை தெரிந்தது. எல்லாரும் விழுந்தடித்து ஓடிக் குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்றார்கள். காடு பாதி கருகிப் போனது. ஆனால் ஒரு குட்டிக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை.

பிறகு கோடை மழை பெய்தது. கருகின இடமெல்லாம் துளிர் விட்டது. பலா பழுத்தது. வயிறு நிறைந்ததும் எல்லாருக்கும் மனசும் குளிர்ந்தது. சித்திரை பிறந்ததும் சிங்காரம் எல்லாரையும் ஆலமரத்தடிக்கு வரச் சொன்னான்.

"நம்ம உயிரைக் காப்பாத்தினது யாரு?" என்று தோகையை ஒரு சிலுப்புச் சிலுப்பிக்கொண்டு கேட்டான்.

"வீராயி!" என்று கூட்டம் கத்தியது.

"அவளுக்கு நன்றி சொன்னோமா?"

கூட்டம் தலையைக் குனிந்தது.

"நன்றி மறந்துட்டா, நமக்கும் மனுஷனுக்கும் என்ன வித்தியாசம்? போடுவோம் ஒரு விருந்து! இந்தக் காடு இதுவரைக்கும் பார்த்திருக்கக் கூடாது, அப்படி ஒரு விருந்து!"

எல்லாரும் கை தட்டினார்கள். அப்புறம் என்ன, சமையல் பேச்சு ஆரம்பமானது.

"வள்ளிக்கிழங்கு இல்லாம விருந்தா?" என்றான் கட்டையன். அவனுக்குக் கிழங்கு என்றால் உயிர்.

"தேன் விட்டுத் தினைப் பொங்கல்! அதை என்கிட்ட விட்டுடுங்க!" என்றான் மாசானம். சமையலில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்பது உண்மைதான்.

"அரிசி கொஞ்சம் நெய்யில பொரிச்சுப் போடணும்" என்றான் சிங்காரம். குரங்குகள் பலாச்சுளைப் பாயசம் கேட்டன. முயல்கள் கீரைக் கூட்டு கேட்டன. மாங்காய்ப் பச்சடி வெல்லம் போட்டா, போடாமலா என்று ஒரு சண்டையே வந்தது.

கேட்டீர்களா கூத்தை! வீராயி புழுவும் பூச்சியும் தின்கிற பிறவி. அவளுக்கு என்ன பிடிக்கும் என்று அத்தனை பேரில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், வாயைத் திறந்து கேட்கவில்லை.

"விருந்தை எங்கே வைக்கிறது?" என்றது ஒரு முயல்.

"இதென்ன கேள்வி! குளக்கரைப் பொட்டல்லதான். அவ வீட்டு வாசல்லயே பந்தி வச்சா அவளுக்குத்தானே பெருமை!" என்றான் சிங்காரம்.

எல்லாரும் மறுபடியும் கை தட்டினார்கள்.

அந்த நேரத்தில் வீராயி பொட்டலில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் வயிற்றுக்கு அடியில் நாலு முட்டை இருந்தது. போன வருஷம் போட்டதை உடும்பு தின்றுவிட்டது. அதற்கு முந்தின வருஷம் மாட்டுக் கால் மிதித்துவிட்டது. இந்த வருஷம்தான் கடைசி வரைக்கும் தங்கியிருக்கிறது. இன்னும் மூணு நாலு நாளில் பொரிந்துவிடும். காதை வைத்துக் கேட்டால், ஒரு முட்டைக்குள்ளிருந்து மெலிசாக ஒரு சத்தம்கூட வர ஆரம்பித்திருந்தது.

சடையன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"ஏ புள்ள! நமக்கு விருந்து போடறாங்க! மாலை போடப் போறாங்களாம்! மேடை போடப் போறாங்களாம்! நாளைக்கே! இங்கேயே!"

"இங்கேயா?" வீராயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இங்கேன்னா எங்க? முட்டை இருக்கிற இடத்துலயா? நீ சொல்லலையா?"

"அத்தனை பேர் சந்தோஷமா இருக்கிறப்ப எப்படிச் சொல்றது?" என்று சடையன் தலையைச் சொறிந்தான்.

நல்ல புருஷன்! வீராயிக்கு வந்த கோபத்தில் அவனைக் கொத்தியிருப்பாள். முட்டையை விட்டு எழுந்திருக்க முடியாததால் அவன் தப்பித்தான்.

மறுநாள் காலையில் முதல் ஆளாகக் கட்டையன் வந்தான், பந்தலுக்குக் குழி தோண்ட. மூக்கை மண்ணில் விட்டுக் கிளறிக்கொண்டே வந்தான். வீராயி இறக்கையை விரித்துக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றாள்.

"நில்லு கட்டையா! இந்தப் பக்கம் வராதே! டிட்டிட்டீ!"

"அடடே, விழா நாயகியே வந்தாச்சு!" என்று கட்டையன் சிரித்தான். "நீ ஏன் தாயி வேலை செய்றே? போய் உட்காரு. எல்லாம் நாங்க பார்த்துக்கறோம்."

"நீ பார்க்கறதுதான் எனக்குப் பயமா இருக்கு! வேற இடத்துல தோண்டு!"

"எனக்கு என்ன தெரியும்? தலைவர் சிங்காரம் இங்கேன்னுதான் சொன்னாரு. எதுவா இருந்தாலும் அவர்கிட்ட சொல்லு."

அவன் கொஞ்சம் தள்ளித் தோண்டினான், அவ்வளவுதான். பந்தல் ஒரு பக்கம் எழும்பியது. இன்னொரு பக்கம் மாசானம் மூன்று பெரிய கல்லை உருட்டி வந்து அடுப்புக் கூட்டினான். பந்தலுக்கும் அடுப்புக்கும் நடுவே, பட்டப்பகல் வெயிலில், கல்லோடு கல்லாக நாலு முட்டை கிடந்தது.

வீராயி நேரே சிங்காரத்திடம் பறந்து போனாள். அவன் குளத்துத் தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேச்சுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். வீராயி சுற்றுமுற்றும் பார்த்தாள். ஊரறியச் சொல்லவும் முடியாது. விருந்துக்கு உடும்பும் வந்திருந்தது. முன்வரிசையில் இடம் பிடித்துக்கொண்டு நாக்கை நீட்டி நீட்டி வாசனை பார்த்துக்கொண்டிருந்தது. அதனால் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.

"தலைவரே, பந்தலுக்குப் பக்கத்துல என் முட்டை இருக்கு. நாலு. பொரியற நேரம். தயவுபண்ணி விருந்தை அந்தப் பாறை மேல மாத்திடுங்க."

"முட்டையா?" என்றான் சிங்காரம். கண் இன்னும் தண்ணீரில்தான் இருந்தது. "ரொம்பச் சந்தோஷம்! வாழ்த்துகள்! பாத்துக்கலாம், பாத்துக்கலாம்."

"என்ன பாத்துக்கலாம்? அடுப்பு மூட்டப் போறாங்க!"

"இங்க பாரு வீராயி. பந்தல் போட்டாச்சு, தோரணம் கட்டியாச்சு. நாலு முட்டைக்காக நாலாயிரம் பேர் எழுந்து போக முடியுமா? ஓரமா நகர்த்தி வச்சுக்கோயேன்."

நகர்த்தி வைப்பதாம்! அடை வைத்த முட்டையை! மயில் முட்டையை யார் அடைகாக்கிறது? அவன் பெண்டாட்டி. அவன் வாழ்நாளில் ஒரு நாள், ஒரு பொழுது, முட்டை மேல் உட்கார்ந்திருப்பானா? அவனுக்கு எங்கிருந்து தெரியும்!

"முடியாது!" என்று வீராயி கத்தினாள். "டிட்டிட்டீ! டிட்டிட்டீ! இடத்தை மாத்துங்க!"

"ஐயோ, கத்தாதே வீராயி!" என்று சிங்காரம் பதறினான். "சாயங்காலம் நிகழ்ச்சியில உன் கத்தலுக்குன்னே இடம் ஒதுக்கியிருக்கு. அன்னைக்குத் தீயைப் பார்த்து எப்படிக் கத்தினியோ, அதே மாதிரி மேடையில ஒரு தடவை கத்திக் காட்டணும். தொண்டையை இப்பவே கெடுத்துக்காதே!"

அதோடு அவன் ஒத்திகைக்குத் திரும்பிவிட்டான். "உயிர் காத்த உத்தமியே..." என்று எங்கேயோ பார்த்து ஆரம்பித்தான். உத்தமி பக்கத்திலேயே நின்று நடுங்கிக்கொண்டிருந்தாள்.

மாசானத்திடம் போனாள். "மாசானண்ணே, மாசானண்ணே!" அவன் பலாக்கொட்டை உரித்துக்கொண்டு, கிழங்கு வேகிறதா என்று பார்த்துக்கொண்டு, தேனில் கையை விட்ட குரங்கை அடித்துக்கொண்டு இருந்தான். "உனக்காகத்தான் தாயி இவ்வளவு பாடும்! கொஞ்சம் தள்ளி நில்லு, புகை கண்ணுல படும்!" என்று அன்பாகச் சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டான். கோபக்காரனிடம் சண்டை போடலாம். இவ்வளவு அன்பாகப் பேசுகிறவனை என்ன செய்வது?

பொழுது ஏறியது. வெயில் கொளுத்தியது. அதற்குள் பக்கத்து ஏரியிலிருந்து சடையனின் தங்கச்சி பூவாயி சொந்தபந்தத்தோடு வந்து இறங்கினாள்.

"ஏன் அண்ணி, இவ்வளவு பெரிய விசேஷம், எங்களை நேர்ல வந்து கூப்பிட மாட்டீங்களா? காத்துவாக்குல கேள்விப்பட்டு வரணுமா?" என்று வந்ததும் வராததுமாக முகத்தைத் தூக்கினாள்.

"எனக்கே யாரும் சொல்லலை பூவாயி!"

"ஆமாமா, நல்லாச் சொல்லுவீங்க!"

பூவாயியும் சிங்காரமும் சேர்ந்து வீராயியை மேடைக்கு அழைத்துப் போனார்கள். அழைத்துப் போவதாவது? இழுத்துத்தான் போனார்கள். ஒரு மரக்கட்டையில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் சடையன். ரெண்டு பேர் கழுத்திலும் கொன்றைப் பூ மாலை. சடையன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தான்.

இப்போது ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஆட்காட்டி தன் முட்டையைச் சூட்டுக்கு மட்டும் அடைகாப்பதில்லை. சித்திரை வெயிலில் அந்தக் கூழாங்கல் தரை ஓடு மாதிரி காயும். அப்போது தாயும் தகப்பனும் மாற்றி மாற்றிக் குளத்துக்கு ஓடி, வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும். அந்த ஈரம்தான் முட்டையைக் காப்பாற்றும். இல்லையென்றால் வெந்துவிடும்.

வீராயி எழுந்தாள். பூவாயி இறக்கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "பேச்சு ஆரம்பிச்சாச்சு அண்ணி. நாயகி எழுந்து போனா நல்லாவா இருக்கும்? நம்ம குடும்பத்தைத்தானே பேசுவாங்க!"

வீராயி சடையன் காதில் கெஞ்சினாள். "நீயாவது போய் நனைச்சுட்டு வாய்யா! வெயில் எப்படி அடிக்குது பாரு!"

"இதோ போறேன். இந்தப் பேச்சு முடியட்டும்."

"அது முடியறதுக்குள்ள முட்டை வெந்துரும்!"

"வெயில்ல போனா மாலை வாடிப் போயிடும் புள்ள..."

என்ன வயிற்றெரிச்சல் பாருங்கள்! மாலை வாடிவிடுமாம்!

ஒரு தடவை அவள் விடுவித்துக்கொண்டு பறந்தாள். குளத்தில் வயிற்றை நனைத்தாள். திரும்பி வரும்போது ஒரு குரங்குக் கூட்டமே ஓடி வந்து, "நாயகி வந்தாச்சு! நாயகி வந்தாச்சு!" என்று கொண்டாடிக்கொண்டே அவளை மேடையில் கொண்டுபோய் விட்டது. வயிற்று இறகில் இருந்த தண்ணீர் மரக்கட்டையில் சொட்டிக் காய்ந்தது. அவள் கத்தினாள். ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவில் கத்தினாள். "டிட்டிட்டீ! டிட்டிட்டீ!"

"அவ சுபாவமே அப்படித்தான்" என்று முயல்கள் சிரித்தன. "சந்தோஷத்துல கத்தறா!"

கத்திக் கத்தி அவள் தொண்டை கட்டிக்கொண்டது. பேசினவர்கள் எல்லாரும் அந்தத் தொண்டையைத்தான் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். இந்தக் குரல் இல்லையென்றால் நாமெல்லாம் இன்று சாம்பல் என்றார்கள். இந்தக் குரலை நம் பேரப்பிள்ளைகளும் மறக்கக் கூடாது என்றார்கள். ஒருத்தர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

பொழுது சாய்ந்தது. அடுப்பில் பெரிய பானை ஏறியது. தினைப் பொங்கல் தளதளவென்று கொதித்தது. பொங்கி வருகிற நேரத்தில் பானை ஒரு பக்கமாக ஆடியது.

"அடக் கடவுளே, கவிழ்ந்துரும் போல இருக்கே!" என்று மாசானம் ஒரு கையால் பானையைப் பிடித்துக்கொண்டான். "கட்டையா! அடுப்புக் கல்லுக்கு முட்டுக் கொடுக்க ஒரு சின்னக் கல் எடு! சீக்கிரம்!"

கட்டையன் திரும்பினான். காலடியில் பார்த்தான். உருண்டையாக, வழுவழுப்பாக, அளவாக ஒரு கல். வாயில் கவ்வி எடுத்து மாசானம் கையில் கொடுத்தான்.

மேடையிலிருந்து வீராயி அதைப் பார்த்தாள்.

அதே நேரத்தில் சிங்காரம் தோகையை முழுசாக விரித்துக்கொண்டு எழுந்து நின்றான். "அன்பர்களே! இதுவரைக்கும் பேச்சு. இனிமேல் கத்தல்! அன்னைக்கு நம்மளைக் காப்பாத்தின அந்தக் கத்தலை நம்ம வீராயி இப்போ கத்திக் காட்டப் போறாங்க! எல்லாரும் சத்தம் போடாம இருங்க! குட்டிகளை அமர்த்துங்க! மாசானம், அடுப்பை ஊதாதே!"

காடு மொத்தமும் அடங்கியது. இலைகூட அசையவில்லை. எல்லாரும் மேடையைப் பார்த்தார்கள்.

மேடையில் வீராயி இல்லை. மாலை மட்டும் கிடந்தது.

அவள் அடுப்புக்கு முன்னால் இருந்தாள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில், மாசானம் கையை நீட்டுகிற அந்த இடத்தில், சூட்டில் இறகு சுருளச் சுருள, இறக்கையை விரித்து உட்கார்ந்திருந்தாள். உடும்பு பார்த்தால் பார்க்கட்டும் என்று துணிந்துவிட்டாள். இனிக் கத்திப் புண்ணியமில்லை என்று வாயை மூடியிருந்தாள். ஒரு சத்தம் போடவில்லை.

"நகரு தாயி, சுட்டுரும்!" என்று மாசானம் பதறினான்.

அவள் நகரவில்லை. அவன் கையையே பார்த்தாள்.

"கத்து வீராயி!" என்று மேடையிலிருந்து சிங்காரம் கிசுகிசுத்தான். "கத்து! எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க!"

அவள் கத்தவில்லை. பிறந்ததிலிருந்து ஆட்காட்டியின் சத்தம் கேட்டே வளர்ந்த காடு அது. அவள் வாய் மூடி அவர்கள் பார்த்ததே இல்லை. முயல்களுக்குக் காது விறைத்தது. என்னவோ தப்பு நடக்கிறது என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது.

அந்த அமைதியில் ஒரு சத்தம் கேட்டது.

"கீ... கீ..."

ரொம்ப மெலிசான சத்தம். எங்கிருந்து வருகிறது என்று எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மாசானம் மட்டும் திரும்பவில்லை. சத்தம் அவன் உள்ளங்கையிலிருந்து வந்தது.

அவன் கையை விரித்தான். கல் லேசாக ஆடியது. மறுபடியும், "கீ..."

"ஐயையோ!" என்று மாசானம் அலறினான். "இது கல் இல்லை! உசிரு! ஐயோ, உசிரை எடுத்து அடுப்புல வைக்கப் பார்த்தேனே!"

கட்டையன் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றான். மேடையில் சடையன் மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு, குளத்தைப் பார்த்து விழுந்தடித்து ஓடினான். இப்போது ஓடுகிறான்! முன்வரிசையில் உடும்பு மெல்ல எழுந்தது. மாசானம் திரும்பி ஒரு உறுமல் உறுமினான் பாருங்கள், அது வந்த வழியே மலைக்கு ஓடிப் போனது.

மாசானம் கண்ணில் தண்ணீர் முட்டியது. முட்டையை மெதுவாக வீராயி பக்கத்தில் வைத்தான். "ஏன் தாயி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

அப்போதுதான் வீராயிக்கு வந்தது கோபம்! அதுவரை வந்ததெல்லாம் கோபமே இல்லை.

"சொல்லியிருக்கலாமா?" என்றாள். தொண்டை கட்டின குரல். ஆனால் காடு முழுக்கக் கேட்டது. "காலையிலிருந்து என்ன செஞ்சுக்கிட்டிருந்தேன்? கட்டையன்கிட்ட சொன்னேன். தலைவர்கிட்டச் சொல்லுன்னான். தலைவர்கிட்டச் சொன்னேன். பாத்துக்கலாம்னார். உன்கிட்ட வந்தேன். தள்ளி நில்லுன்னே. மேடையில கத்தினேன். சந்தோஷத்துல கத்தறான்னு சிரிச்சீங்க. அன்னைக்கு உங்க உசிருக்காகக் கத்தினப்ப என் குரல் இனிச்சுது. இன்னைக்கு என் உசிருக்காகக் கத்தினா அது நிகழ்ச்சியில ஒரு வேடிக்கையா? மாலை போட்டீங்க, மேடை போட்டீங்க, பொங்கல் வச்சீங்க. யாரு கேட்டா? நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. கொஞ்சம் தள்ளிப் போங்கன்னு கேட்டேன்! அதை மட்டும் யாரும் செய்யலையே!"

பூவாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, சரி..." என்று சிங்காரம் தொண்டையைச் செருமினான். "நடந்தது நடந்துபோச்சு. மிச்சத்தைப் பாத்துக்கலாம்..."

"தலைவரே!" என்றான் மாசானம். "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

காட்டில் சிங்காரத்தைப் பார்த்து அப்படி யாரும் சொன்னதே இல்லை. தோகை தானாக மடங்கிப்போனது.

மாசானம் கொதிக்கிற பானையை அப்படியே தூக்கினான். கை சுட்டது. பொருட்படுத்தாமல் பாறை மேல் கொண்டுபோய் வைத்தான். குரங்குகள் பந்தலைப் பிரித்தன. அவரவர் காலடியைப் பார்த்துப் பார்த்து, ஒருத்தர் பின்னால் ஒருத்தராகப் பொட்டலை விட்டு வெளியேறினார்கள். சிங்காரம் மட்டும் பாறையில் உட்கார்ந்து ரெண்டு இலைச் சாப்பாடு சாப்பிட்டான். மற்றவர்களுக்குச் சோறு இறங்கவில்லை.

சடையன் சொட்டச் சொட்ட ஓடி வந்து முட்டைகள் மேல் உட்கார்ந்தான். வீராயி அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள் முட்டை பொரிந்தது. அடுப்படி வரை போய் வந்த முட்டைதான் முதலில் பொரிந்தது. அப்புறம் ரெண்டு. நாலாவது முட்டைக்குள் அசைவே இல்லை. வீராயி இன்னும் ரெண்டு நாள் அதன் மேல் உட்கார்ந்து பார்த்தாள். காதை வைத்துக் கேட்டாள். விருந்தன்றைக்கு மத்தியானமே அது வெயிலில் வெந்துவிட்டிருந்தது. எல்லாரும் அவள் குரலைப் புகழ்ந்துகொண்டிருந்த அந்த நேரத்தில்.

சடையன் அந்த முட்டையைப் பார்த்தான். பிறகு யாரும் சொல்லாமலே குளத்துக்குப் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து குஞ்சுகளுக்கு நிழலாக நின்றான். அன்றிலிருந்து அவன் அதைத் தவறவிட்டதே இல்லை.

ஒரு நாள் சாயங்காலம், மழை விட்ட பிறகு, மாசானம் வந்தான். பொட்டலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டான். ஒரு தேக்கிலையில் ஏதோ பொதிந்து வைத்திருந்தான்.

"வீராயி! வரலாமா?" என்று அங்கிருந்தே கேட்டான்.

"வேண்டாம்!" என்றாள் வீராயி.

"சரி தாயி. வரலை." அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "ஒண்ணு கேட்கணும். நீ என்ன சாப்பிடுவே? அன்னைக்கு அவ்வளவு சமைச்சேன், இதைக் கேட்கவே இல்லை."

வீராயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஈசல்" என்றாள்.

மாசானத்துக்கு முகம் மலர்ந்தது. "அட, எனக்கும் அதுதான் பிடிக்கும்! அதைத்தான் கொண்டு வந்திருக்கேன்!" தேக்கிலையைப் பிரித்துப் பொட்டலின் ஓரத்தில் இருந்த ஒரு கல்மேல் வைத்தான். உள்ளே ஒரு கை ஈசல். வைத்துவிட்டுப் பேச்சு எதுவும் பேசாமல், வந்த தடத்திலேயே கால் வைத்துத் திரும்பிப் போனான்.

அவன் மரங்களுக்குள் மறைகிற வரைக்கும் வீராயி பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் கத்தவில்லை. குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மெல்ல அந்தக் கல்லுக்குப் போனாள்.

ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டுமென்றால் அவர் சொல்வதை முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். கேட்காமல் போடுகிற விருந்து எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அது நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் விருந்துதான்.